பனிக்காரன் கடிச்ச பாவாடை

ஒரு ஊர்ல ஒரு மலை... அட, மாத்திச் சொல்லிட்டேன். ஒரு மலையில ஒரு ஊரு. கடல் தாண்டி பெரு தேசத்துல, மேகத்துக்கும் மேல. கெச்சுவா பேசுற ஜனங்க. அடிவாரத்துல மக்காச்சோளம், நடுவுல உருளைக்கிழங்கு, அதுக்கு மேல லாமா மேயுற புல்லு, உச்சியில பனிக்காரன் வீடு. ம் சொல்லு.

அங்க துமாசான்னு ஒருத்தி, சரியான வாயாடி. அந்த வருஷம் கிழங்கு குவியல் குவியலா விளைஞ்சுது. ஆனா பச்சைக்கிழங்கு எத்தனை நாள் தாங்கும்? அதனால தரையில பரப்பி வைப்பாங்க. ராத்திரி பனிக்காரன் வந்து கடிச்சா கிழங்கு கல்லா உறைஞ்சு போகும். மறுநாள் வெயில்ல இளகினதும் காலால மிதிச்சுத் தண்ணியைப் பிழிஞ்சு காய வச்சா, நம்ம வத்தல் மாதிரி வருஷக்கணக்கா கெடாது.

அந்தத் தடவை பனிக்காரன் வரவே இல்ல! கிழங்கு சொதசொதன்னு அழுக ஆரம்பிச்சுது. அது போச்சுன்னா ஊரே பட்டினி.

அப்போ துமாசா ஒரு பானை சோளக்கள்ளோட மலையேறினா. "வாங்க பெரியப்பா."

"ஏண்டி, பயிரு பச்சைப்பசேல்னு பூத்து நிக்கறப்போ ஆசையா ஒரு கடி கடிக்க வந்தா, புகை போட்டுத் துரத்துறீங்க. இப்போ மட்டும் பெரியப்பாவா?"ன்னான் பனிக்காரன். கள்ளை மடக் மடக்னு குடிச்சான், கொர்ருனு தூங்கிட்டான்.

அப்புறம் மத்தளக்காரன், குழல்காரன் எல்லாரையும் கூட்டிட்டுப் போனா. டம்டம், பீப்பீ! பனிக்காரன் தைதைன்னு ஆடினான். "கால் வலிக்குதுடி"ன்னு மறுபடி படுத்துட்டான்.

ம் எங்க? ஆங்.

மூணாவது தடவை துமாசா மலைக்கே போகல. ஊர்ப் பொம்பளைங்களைக் கூப்பிட்டு, "மேல கட்டியிருக்கற பச்சைப் பாவாடையைக் கழட்டுங்க"ன்னா.

அவ மாமியார் உர்சுலா, "இந்தக் குளிர்லயா? பைத்தியமாடி உனக்கு?"ன்னா.

"ஒண்ணு மேல ஒண்ணா அஞ்சு கட்டியிருக்கீங்களே அத்தை, ஒண்ணு குறைஞ்சா இளைச்சா போயிடுவீங்க?"

பாவாடை அத்தனையும் கிழங்கு மேல விரிச்சாச்சு. எல்லாத்துலயும் கிழங்குப் பூ மாதிரியே ஊதாநூல் பூவேலை. உச்சியிலேர்ந்து பார்த்தா அசல் பூத்த வயல்! அப்புறம் எல்லாரும் புகையைப் போட்டு, "ஐயோ எங்க பயிரு! பனிக்காரா, வந்துடாதே!"ன்னு கத்தினாங்க.

பனிக்காரனுக்கு நாக்கு ஊறிச்சு. இருட்டினதும் விர்ருனு இறங்கி, லபக்! வாய் நிறைய கம்பளி ரோமம். தூ! தூ! வந்த ஆத்திரத்துல பாவாடையை எல்லாம் உதறி வீசிட்டு, அடியில கிடந்த கிழங்கை ஒண்ணு விடாம கடிச்சுத் தள்ளினான். நறுக் நறுக்!

விடிஞ்சா கிழங்கு அத்தனையும் கல்லு. பாவாடை பொரிச்ச அப்பளம் மாதிரி நட்டுக்கிட்டு நிக்குது. வெயில் ஏறிக் கிழங்கு இளகினதும், சதக் சதக்னு ஊரே ஏறி மிதிச்சுது.

அப்போ மேலேர்ந்து ஒரு சத்தம். "அடியேய் துமாசா! இனிமே பச்சையைக் கண்டாலே அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டேன். சத்தியம்!"

"ஐயய்யோ, அப்படி எல்லாம் சொல்லிடாதீங்க பெரியப்பா!"ன்னு துமாசா முகத்தை அழுறாப்ல வச்சுக்கிட்டா.

உர்சுலா அவ காதுகிட்ட வந்து, "அடி கள்ளி! அடுத்த வருஷப் பயிருக்குப் புகை போடுற வேலையும் மிச்சம்"னா.

கிழங்கும் காஞ்சுது, கதையும் காஞ்சுது. போர்வைக்குள்ள காலை இழுத்துக்கோ, கண்ணை மூடு.