முப்பத்திரண்டு விதிகளும் இரண்டு மாடுகளும்

வல்லமலை அரசர் திருமேனிநாதரின் பிறந்தநாளன்று காலை அரண்மனையில் நாதசுர ஓசையே கேட்கவில்லை. வாசிக்க வேண்டிய வித்துவான் குஞ்சிதபாதம் உச்சிவேளைக்குத்தான் வந்து சேர்ந்தார். தலைமுதல் கால்வரை சேறு. நாதசுரத்தைக் கவிழ்த்தால் அதிலிருந்தும் சேறு.

நடந்தது இதுதான். அவரை அழைத்து வந்த அரண்மனை வண்டிக்காரன் சடையாண்டி, வழியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான். மாடுகள் பெரிய சாலையை விட்டு ஏரிக்கரைப் பாதையில் திரும்பின. மழைச் சேற்றில் சக்கரம் வழுக்கியது. வித்துவான் வாய்க்காலில் விழுந்தார்.

அரசருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அரண்மனை வேலையாக வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சட்டம் வேண்டும்" என்றார்.

இப்படி ஒரு வாய்ப்புக்காகவே பிறந்தவர் அமைச்சர் தண்டபாணியார். மறுநாளே முப்பத்திரண்டு விதிகளை ஓலையில் எழுதி வந்து கணீரென்று படித்தார். வண்டி ஓட்டுகிறவன் தூங்கக்கூடாது. கொட்டாவி விடக்கூடாது. பாடக்கூடாது. வேலை முடியும்வரை வண்டியை விட்டு இறங்கக்கூடாது. இப்படியே போய், அரண்மனை வண்டியைச் சொந்த வேலைக்குத் தொடக்கூடாது என்பதில் முடிந்தது. எதை மீறினாலும் வேலை போய்விடும். ஊரை விட்டும் போக வேண்டும்.

"முதலில் சடையாண்டியை அனுப்பலாம்" என்றார் அமைச்சர்.

சடையாண்டி கைகட்டி நின்றான். இருபது வருஷமாக வண்டி ஓட்டியவன். அவனுக்கு வேறு தொழிலும் தெரியாது, வேறு ஊரும் தெரியாது. பார்க்கவே பாவமாக இருந்தது.

அந்த அவையில் ஏகம்பன் என்று ஒருவன் இருந்தான். வாய் குறும்பு பேசும். கண் மட்டும் எதையும் தவறவிடாது. அவன் சடையாண்டியிடம் கேட்டான்: "விழுந்ததற்கு முந்தின நாள் என்னப்பா வேலை பார்த்தாய்?"

"கோழி கூப்புடறதுக்கு முந்தியே வெறகு ஏத்துனேன் சாமி. அப்புறம் நெல்லு மூட்டை. பொழுது சாயத்தான் முடிஞ்சுது. அதுக்கப்புறம்..."

"அதற்கப்புறம்?"

சடையாண்டி அமைச்சரை ஒரு பார்வை பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

ஏகம்பனுக்கு அதுவே போதும். பழகாத பாதையில் மாடு தானாகத் திரும்பாது என்பதும் அவனுக்குத் தெரியும். அரசர் பக்கம் திரும்பினான். "சட்டம் பிரமாதம், அரசே. ஆனால் சட்டி வாங்கினாலும் தட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? நாளை ஒரு நாள் அமைச்சரே அந்த வண்டியை ஓட்டிக் காட்டட்டும். முப்பத்திரண்டு விதிகளின்படி."

"ஓட்டட்டும்" என்றார் அரசர். அமைச்சரால் மறுக்க முடியுமா?

மறுநாள் கோழி கூவுமுன் விறகு நடை. பிறகு நெல் நடை. நாலாவது நடையில் அமைச்சரின் தலைப்பாகை அவிழ்ந்தது. ஆறாவது நடையில் அவர் அதைத் தேடவும் இல்லை. மத்தியானம் ஏகம்பன் மிகுந்த அன்போடு ஒரு சட்டி தயிர்சோறு நீட்டினான். வண்டியிலிருந்தபடியே சாப்பிடக்கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை.

பிறகு அரசரும் அவனும் பின்னால் ஏறிக் கூண்டுக்குள் உட்கார்ந்தார்கள். "வித்துவான் ஊருக்கு விடுங்கள்" என்றான் ஏகம்பன்.

நல்ல வெயில். வயிறு நிறையத் தயிர்சோறு. கால் காதம் போவதற்குள் அமைச்சரின் தலை மார்பில் சாய்ந்தது. குறட்டை கிளம்பியது. அரசர் அவரைத் தட்டி எழுப்பக் கையை ஓங்கினார்.

ஏகம்பன் தடுத்தான். "எழுப்பாதீர்கள், அரசே. மாடுகள் எங்கே போகின்றன என்று பார்ப்போம்."

மயிலை, செவலை என்ற அந்த இரண்டு மாடுகளும் ஏரிக்கரைப் பிரிவு வந்ததும் தயங்கவே இல்லை. திரும்பின. சேறு காய்ந்திருந்ததால் இம்முறை சக்கரம் வழுக்கவில்லை. அரைச்சுவர் எழும்பிய ஒரு புது வீட்டின் முன்னால் போய் நின்று, தலையை ஆட்டிக் கழுத்து மணியை ஒலித்தன.

பக்கத்து வீட்டிலிருந்து ஓர் அம்மாள் தவிட்டுத் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "வாங்கடா ராசாக்களா. என்ன சடையாண்டி, இன்னைக்கு வெளிச்சத்துலயே வந்துட்டே? செங்கல் எங்கே?" என்றவர், வண்டி ஓட்டுகிறவரை நிமிர்ந்து பார்த்துப் பதறிப்போனார். "அடடா, மாப்பிள்ளையா? நீங்க எதுக்கு இந்தச் சிரமம் படறீங்க? தெனமும் ராத்திரி அந்த சடையாண்டிதானே செங்கல் கொண்டாந்து போடறான்?"

மாப்பிள்ளை கண்ணை விழித்தார். முன்னால் மாமியார். பின்னால் அரசர். இறங்கி ஓடலாமென்றால் அதற்கும் ஒரு விதி எழுதி வைத்திருக்கிறார்.

அரசருக்கு வந்த கோபம் பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது. "முப்பத்திரண்டாம் விதி என்ன, தண்டபாணியாரே?"

அமைச்சர் இப்போது இறங்கினார், காலில் விழுவதற்காக.

"ஊரை விட்டு அனுப்பாதீர்கள், அரசே" என்றான் ஏகம்பன். "பிறகு மீதிச் சுவரை யார் எழுப்புவது? அமைச்சரே தன் கையால் கட்டி முடிக்கட்டும். வண்டிக்காரர்கள் படுத்துத் தூங்க ஒரு சாவடி வேண்டும்."

"அப்படியே ஆகட்டும். சடையாண்டியும் வேலையில் இருக்கட்டும். அந்த ஓலையைக் கிழித்துப் போட்டுவிட்டு நீ ஒரு சட்டம் சொல்."

"ஒரே விதி போதும். 'வண்டி ஓட்டுகிறவன் தூங்கக்கூடாது' என்று அமைச்சர் எழுதினார். நான் எழுதினால், 'தூங்கி எழுந்தவன்தான் வண்டி ஓட்ட வேண்டும்.'"

அரசர் மகிழ்ந்துபோய்த் தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். "சட்டம் இந்த நொடியிலிருந்தே செல்லும். சரி, நேரமாகிறது. வண்டியை ஓட்டு."

"எப்படி ஓட்டுவேன்? சடையாண்டியை நினைத்து நேற்று இரவு நான் கண்ணே மூடவில்லை. அமைச்சரின் நிலைமை உங்களுக்கே தெரியும்." ஏகம்பன் கூண்டுக்குள் நன்றாகச் சாய்ந்துகொண்டான். "நேற்று இரவு நிம்மதியாகத் தூங்கியவர் இந்த வண்டியில் ஒருவர்தான், அரசே."

வயிறு குலுங்கச் சிரித்தபடியே அரசர் முன்னால் போய் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்தார்.