நாற்பதடி தள்ளி

கல்குவாரியில் கருத்தபாண்டி செத்த மூன்றாம் நாள், மேனேஜர் தணிகாசலம் தாசில்தார் முன்னால் ஒரு தாளை நீட்டினார். "நிற்கக்கூட முடியாத போதையில் விளிம்பிலிருந்து வழுக்கி விழுந்துட்டான். அவன் பெண்டாட்டி கைநாட்டு வச்சா விஷயம் முடிஞ்சது."

அங்கேயே ஜல்லி உடைக்கிற அவன் மனைவி முத்துப்பேச்சி தாளைத் தொடவில்லை. "வைக்கிறேன்யா. அதுக்கு முன்னால, அவரு எடைக்கு ஒரு மணல் மூட்டையை அதே விளிம்புல இருந்து நழுவ விடச் சொல்லுங்க."

மூட்டை அறுபத்துநாலு அடி இறங்கி, பாறையின் காலடியிலேயே விழுந்தது. ரத்தக்கறை இருந்ததோ நாற்பதடி தள்ளி.

"அப்படின்னா ஓடி வந்து விழுந்திருப்பான்," என்றார் மேனேஜர் அவசரமாக.

தாசில்தார் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டார். கீழே வர இரண்டு நொடி. அதற்குள் நாற்பதடி என்றால் நொடிக்கு இருபதடி. "தலைதெறிக்க ஓடியிருக்கணும்."

"நிக்க முடியாதவரு எப்படிய்யா ஓடுவாரு? எதுக்குப் பயந்து ஓடினாரு?"

வெடி வைக்கும் சுடலைமுத்து தலையைக் குனிந்துகொண்டார். "அன்னைக்கு விசில் ஊதாமலே திரியைப் பத்த வைக்கச் சொன்னாரு மேனேஜர். பாண்டி மேலே நின்னது எனக்குத் தெரியாது. புகையைப் பார்த்துட்டு விளிம்பைக்கூடப் பாராம ஓடியிருக்கான்."

தாசில்தார் தாளை மடித்துத் தன் பைலில் வைத்துக்கொண்டார். மற்றவர்கள் கலைந்தார்கள்.

முத்துப்பேச்சி மட்டும் நகராமல் நின்றாள்.

"ரெண்டு நொடிங்கிறது எவ்வளவு நேரம்யா? என் பேரைச் சொல்லிக் கூப்பிட அவருக்கு அது போதுமா?"