கடிகாரத்தோடு தாளம் போட்டவள்

மாதா கோயில் பாட்டு ஹாலைப் பெருக்குகிற மெடில்டாவுக்கு கிட்டார் படிக்க ஆசை. வீட்டில் பேச ஆளில்லை; கம்பியாவது பதில் சொல்லுமே என்று நினைத்தாள்.

சொல்லித் தரச் சொல்லிக் கேட்டதும் கிட்டார் மாஸ்டர் ரொசாரியோ மாணவர்கள் முன்னால் சிரித்தார். "ஸ்வரமெல்லாம் அப்புறம், முதல்ல தாளம். நான் ஒரு பாட்டு முழுக்க வாசிப்பேன். நீ ஒரே கம்பியில ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு தட்டணும். பிசகாம தட்டினா சொல்லித் தாரேன். பிசகினா விளக்குமாறோட நடையைக் கட்டு."

"சரிங்க மாஸ்டர். நான் தட்ட ஆரம்பிக்கிறேன், நீங்க சேர்ந்துக்கங்க."

பாதிப் பாட்டிலேயே இருவர் தாளமும் பிரிந்துபோனது. மாஸ்டர் முடித்த பிறகும் அவள் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களாடா, பின்தங்கிட்டா!"

அவள் கையை நிறுத்தாமலே சொன்னாள்: "சுவர்க் கடிகாரத்தோடதான் தட்டுறேன் மாஸ்டர். பெண்டுலம் இப்பவும் என்கூடத்தான் ஆடுது. கஷ்டமான இடம் வந்ததும் நீங்கதான் ஓடிட்டீங்க."

மாணவர்கள் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார்கள். எல்லார் முன்னாலும் சொன்ன சொல்லாயிற்றே, மாஸ்டர் அன்றே மூன்று ஸ்வரம் சொல்லிக்கொடுத்தார். மறுநாள் கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் பூட்டினார்.

"இனி எதைக் கேட்டுத் தட்டுவே?"

"வீட்டுலயும் ஒரு கடிகாரம் இருக்கு மாஸ்டர். ஆறு வருஷமா அந்த வீட்டுல வேற சத்தமே கிடையாது. கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆயிடுச்சு."