யானைக் காதுல ஒரு செருப்பு

ஒரு ஊர்ல ஒரு ஒத்தைச் செருப்பு இருந்துச்சாம். ஏன் ஒத்தைன்னு கேளு.

அந்த ஊர்ல வேதையன்னு ஒரு வலைக்காரர். அவர் சம்சாரம் அஞ்சலாட்சியை அவர் கடைசியா உயிரோட பார்த்தப்போ, அவ ஒத்தைக் கால்ல நின்னுக்கிட்டு இருந்தாளாம். வலது செருப்போட வார் அறுந்துபோச்சு. வேதையன் பச்சை வலைநூலை எடுத்து, சரக் சரக்குன்னு இழுத்து முடிச்சுப் போட்டார்.

"என் காலென்ன மீனா, வலைநூல் போட்டுக் கட்டுறே?"ன்னு சிரிச்சுட்டு, மீன் கூடையோட அக்கரைக்குப் படகு ஏறினா. முகத்துவாரத்துல படகு கவிழ்ந்துருச்சு. அப்புறம் இடது செருப்பு மட்டும் சேத்துல கிடைச்சுது. அவ கிடைக்கலை. கேக்குறியா?

"ம்."

வருஷம் ஓடுச்சு. வேதையன் தனியாப் பொங்கி, தனியாச் சாப்பிட்டு, ஒத்தைத் தட்டைக் கழுவிக் கவுத்துவார். வாசல்ல அந்தச் செருப்பைத் தினம் மண்ணு தட்டி வைப்பார்.

அப்போ பட்டணத்து மியூசியத்துக்கு ஆப்பிரிக்காவுல இருந்து சிலைங்க வந்துச்சு. சோடா மூடியில ஒரு சிங்கம், பழைய ஒயர்ல ஒரு முதலை, அப்புறம் ரெண்டு மாடி உசரத்துக்கு ஒரு யானை! கரை ஒதுங்குன செருப்பு, தகரம், டயர், எல்லாத்தையும் சேர்த்து சுபைதான்னு ஒரு பொண்ணு செஞ்ச யானை. கப்பல்ல துண்டு துண்டா வந்ததைக் கட்டி நிறுத்த, முடிச்சு தெரிஞ்ச ஆளுன்னு வேதையனைக் கூப்பிட்டாங்க.

மொத நாள் காலைக் கட்டினார். ரெண்டாம் நாள் வயித்தைக் கட்டினார், டொம் டொம்னு தகரம் சத்தம் போட்டுச்சு. மூணாம் நாள் காதைக் கட்ட ஏணி ஏறினா, அங்க நூறு செருப்புக்கு நடுவுல ஒண்ணு. வாருல பச்சை நூல். அவர் போடுற முடிச்சு!

ஏணி கடகடன்னு ஆடுச்சு.

"பெரியவரே, பிடிச்சுக்குங்க!"ன்னு மியூசியத்து ஆபீசரம்மா கத்தினாங்க.

"இது என் வீட்டுக்காரியோடதும்மா. எனக்கு வேணும்."

ஆபீசரம்மா அதை, யானையோடவே வந்திருந்த சுபைதாவுக்கு இங்கிலீஷ்ல சொன்னாங்க. சுபைதா கத்திரிக்கோலை நீட்டினா. நறுக்!

மடியில கட்டிக்கிட்டு பஸ் ஏறினார். வழியெல்லாம் தனியாச் சிரிச்சார். வாசல்ல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சார்.

ரெண்டும் இடது கால்.

"ம்... அப்போ அது அவங்களோடது இல்லையா?"

இல்லையே.

மறுநாள் கொண்டுபோய்க் குடுத்தார். சுபைதா அதைக் காதுல வச்சு, தானே நூல் கட்டினா. அதே முடிச்சு! வேதையன் அவ விரலையே பார்த்தார்.

"இதை யாரும்மா உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

ஆபீசரம்மா கேட்டுச் சொன்னாங்க: "அவங்க ஊர்ல வலைக்காரங்க எல்லாரும் இப்படித்தான் கட்டுவாங்களாம்."

"அப்போ இது யார் காலுது?"

"தெரியாதாம்."

அப்புறம் ஒரு மாசம் கழிச்சு யானை தன் ஊருக்குக் கிளம்புச்சு. வேதையன்தான் அவிழ்த்தார். மொத நாள் காது, அப்புறம் வயிறு, அப்புறம் கால்.

கதை கரை சேர்ந்துருச்சு, கண்ணை மூடிக்கோ.

"அந்த ஒத்தைச் செருப்பு?"

வாசல்லதான் கிடக்கு. இடது கால்.