திரும்பிப் பாக்காத காவல்

ஒரு கடல்ல ஒரு கப்பல். ஊர்ல ஒரு ராஜான்னு ஆரம்பிக்கணும்னுதான் பாக்கறேன், அங்க ஊரே இல்லையே, என்ன பண்ண! பூமிக்கு உச்சந்தலை இருக்குல்ல, அங்க கடலே உறைஞ்சு கெட்டியாக் கெடக்கும். அந்த ஐஸ் மேல இந்தக் கப்பல் மூக்கால ஏறி, மிதிச்சு உடைச்சுக்கிட்டே போகும். கர்ர்ர்ர்... மடார்! கர்ர்ர்ர்... மடார்! தூங்கறப்பவும் இதே சத்தம், திங்கறப்பவும் இதே சத்தம். கோடையில அங்க ராத்திரியே கிடையாது. சூரியன் மறையாம சுத்திக்கிட்டே இருக்கும். ம் சொல்லு. சொன்னாத்தான் மேல போவேன்.

அந்தக் கப்பல்ல இருந்தவங்க எல்லாம் படிச்ச ஆளுங்க. ஐஸ்ல எறங்கி, துளை போட்டு, குழாய் குழாயா ஐஸை எடுத்து, அதுக்குள்ள என்ன இருக்குன்னு பாப்பாங்க. அதுல ஒருத்தி ஜெசிந்தா, தூத்துக்குடிக்காரி. ஐஸுக்கு அடியில வளருற பாசியப் பாக்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தா. அவ கூட்டாளி இசக்கி. ரெண்டு பேருக்கும் ஒரே ரூம், மேல ஒரு கட்டில், கீழ ஒரு கட்டில். அவங்களுக்குப் பெரியவர் தாணு சார். நல்ல மனுஷன்தான், ஆனா வேலைன்னு வந்துட்டா சோறு தண்ணி ஞாபகம் வராது.

அப்புறம், அங்க வெள்ளக் கரடி உண்டு. அவ்வளவு பெரிய உடம்பு, ஆனா பூனை மாதிரி சத்தமே இல்லாம வரும். அதனால ஐஸ்ல எறங்கினா ஒருத்தர் மட்டும் எந்த வேலையும் பாக்கக் கூடாது. மத்தவங்களுக்கு முதுகக் காட்டி நின்னு, வெளியவே பாத்துக்கிட்டு இருக்கணும். அதான் காவல். ஆளுக்கு ஒரு நாள் முறை. அன்னைக்கு ஜெசிந்தா முறை. கேப்டன் அவ கையில வாணத் துப்பாக்கியக் குடுத்தார். சுட்டா தீவாளி வாணம் மாதிரி வெடிச்சு கரடிய விரட்டும். "என்ன சத்தம் கேட்டாலும் திரும்பக் கூடாதும்மா. பின்னாடி நடக்கறத பின்னாடி இருக்கறவங்க பாத்துக்குவாங்க"ன்னு சொல்லி அனுப்பினார்.

ஜெசிந்தா, இசக்கி, தாணு சார் மூணு பேரும் நறுக் நறுக்னு பனிய மிதிச்சுக்கிட்டுப் போனாங்க. ஜெசிந்தா தன் இடத்துல நின்னா. முன்னாடி ஒரே வெள்ளை. அதுல பனி மேடு மூணு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணி வச்சுக்கிட்டா. பின்னாடி கிர்ர்ர்ர்னு துளை போடுற சத்தம்.

அப்போ இசக்கி கத்துறா. "ஏட்டி ஜெசிந்தா! இங்க பாரு, உன் பாசி! பச்சப் பசேல்னு வந்திருக்கு!"

மூணு வருஷமா காத்துக் கெடந்த பாசி. பாவம், மனசு கேக்குமா? சட்டுனு திரும்பிப் பாத்துட்டு, உடனே முன்னாடி திரும்பிட்டா. மேடு ஒண்ணு, ரெண்டு, மூணு... நாலு.

ம்? ஆமா, நாலுதான். அவளும் மறுபடி எண்ணிப் பாத்தா. நாமதான் தப்பா எண்ணிட்டமோன்னு நெனச்சா. சொன்னா சிரிப்பாங்கன்னு வாய மூடிக்கிட்டா. அங்கதான் புத்தி கெட்டுப் போச்சு அவளுக்கு.

அப்புறம் மூடுபனி எறங்குச்சு. பின்னாடி கப்பலே மறைஞ்சு போச்சு, முன்னாடி மேடு மட்டும் மங்கலாத் தெரியுது. மூடுபனி வந்தா கெளம்பிரணும்னு கப்பல்ல சட்டம். தாணு சாரோ, "இன்னும் ஒரே ஒரு குழாய்ம்மா"ங்கறார். சமாதானத்துக்கு பிளாஸ்க்ல இருந்து சுக்குக் காப்பி ஊத்தி, அவ முதுகுப் பக்கம் வந்து நீட்டுறார். "குடி, ஆறிரும்."

ஜெசிந்தா திரும்பல. கைய மட்டும் பின்னால நீட்டினா. கிளவுஸ் போட்ட கை, டம்ளர் வழுக்குது. குனிஞ்சு அதப் பாத்தா, அவ்வளவுதான். நிமிந்தா மேடு மூணுதான் இருக்கு. நாலாவதக் காணோம்.

"சார், மேடு ஒண்ணு நடந்து போயிருச்சு."

அவர் மூஞ்சி வெளிறிப் போச்சு. "இசக்கி, போட்டது போட்டபடி வா"ன்னு ஓடுறார். அப்போ மடார்! ஐஸ் பொளந்துச்சு. சளப்!

"ஜெசிந்தா! கையக் குடுட்டி! ஜெசிந்தா!"

கழுத்து வரைக்கும் தண்ணியில முங்கி இசக்கி கதறுறா. ஜெசிந்தாவோட கால் திரும்புது, இடுப்பு திரும்புது. கழுத்த மட்டும் அவ திருப்பல. கண்ணீர் வழிஞ்சு கன்னத்துலயே உறையுது, அதையும் துடைக்கல. ஏன்னா மூடுபனிக்குள்ள ஒரு கறுப்புப் புள்ளி. அப்புறம் ரெண்டு. அப்புறம் மூணு. ரெண்டு கண்ணு, ஒரு மூக்கு. இருபதடி தூரம்.

டிக்! வாணம் வெடிக்கல. கரடி ஒரு எட்டு வச்சுது. டிக்! இன்னொரு எட்டு. மூணாவது தடவ... டமார்! செக்கச் செவேல்னு பனியெல்லாம் பத்தி எரியற மாதிரி வெளிச்சம். கரடி ஓடல. பின்னங்கால்ல எந்திரிச்சு நின்னுது, அதோ, நம்ம ரூம் கதவு ஒசரம். இல்ல இல்ல, அதுக்கும் மேல. உஸ்ஸ் உஸ்ஸ்னு மோப்பம் பிடிச்சுது.

அந்த நேரம் பாத்துப் பின்னாடி சத்தம் நின்னு போச்சு. இசக்கி கத்துனாக்கூடத் தாங்கிக்கலாம். கத்தாம இருந்தா? உசுரு இருக்கா, போச்சா? ஆனாலும் அவ திரும்பல. "போ! போ!"ன்னு தொண்டை கிழியக் கத்தினா. கரடி முன்னங்கால ஊனி எறங்கி, தொபுக் தொபுக்னு மூடுபனிக்குள்ள போயிருச்சு.

அப்போ ஈரக் கை ஒண்ணு அவ தோள்ல விழுந்துச்சு. இசக்கிதான். தாணு சார் கயிறு போட்டு இழுத்திருக்கார். பல்லு கடகடன்னு அடிக்குது. "அப்படிக் கூப்பிட்டேனே. ஏன்ட்டி திரும்பல?"

அவங்க ரெண்டு பேரும் முன்னாடி போக, ஜெசிந்தா மூடுபனியப் பாத்தபடி பின்பக்கமாவே நடந்து கப்பல் ஏறினா.

கப்பல்ல இசக்கிக்குக் கம்பளி சுத்தி, சுடச்சுட ரசம் குடுத்தாங்க. ஜெசிந்தாவக் கண்டதும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. அப்புறம் பனி விலகுச்சு. மேல்தளத்துல நின்னு பாத்தா, ஐஸ்ல கரடித் தடம், ஒவ்வொண்ணும் தாம்பாளம் அகலம். நாலாவது மேடு தெரிஞ்ச இடத்துல படுத்துக் கெடந்து, சுத்தி வந்து, அந்தத் தண்ணிக் குழிக்கே நேரா வந்திருக்கு. நடுவுல ஜெசிந்தாவோட ரெண்டு கால் தடம். அதத் தாண்டிக் கரடித் தடம் இல்ல. இசக்கி ரொம்ப நேரம் அதையே பாத்துக்கிட்டு நின்னா.

அப்புறம் ரூமுக்கு வந்து, திரைய இழுத்து வெயில மறைச்சுட்டு ரெண்டு பேரும் படுத்தாங்க. இசக்கிக்குத் தூக்கம் வரல. கண்ண மூடினா தண்ணி, தெறந்தா கரடி.

"ஏட்டி, கதவப் பாத்துதானே படுத்திருக்க?"

"ம்."

"அப்போ நான் தூங்குறேன்"ன்னு சொல்லிட்டு, சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா.

நீயும் சுவத்துப் பக்கம் திரும்பிக்கோ. கதவ நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கதை அவ்வளவுதான், தூங்கு கண்ணு.