இடது பக்க இண்டிகேட்டர்

சங்ககிரி பைபாஸ் ஓரத்தில், வண்டிகளுக்கு வயரிங் வேலை செய்யும் பட்டறை ஒன்றில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு வயது முப்பத்திரண்டு, பெயர் சுகந்தி. சீடருக்கு ஐம்பத்தாறு, பெயர் அங்கமுத்து.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. சிரித்தவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அங்கமுத்து ஓய்ந்துபோயிருந்தார். முப்பது வருஷம் நாக்பூர் வரை லாரி ஓட்டிய மனிதர். சர்க்கரை கண்ணில் கை வைத்தது. எதிரே வருவது ஒரு வண்டியா இரண்டா என்று சந்தேகம் வந்த அன்றே சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார். மைத்துனர் நூல் மில்லில் வாட்ச்மேன் வேலை வாங்கித் தருவதாகச் சொன்னார். கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அடுத்தவன் ஓட்டும் லாரிக்குக் கதவு திறந்துவிடுவதை நினைத்தபோதே, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். பகலில் கண்ணாடி போட்டால் வயரின் நிறம் நன்றாகத் தெரிகிறதே என்று நேராக சுகந்தியிடம் வந்தார்.

"தொழில் கத்துக் குடுங்க அம்மணி."

"வாங்கண்ணா" என்றாள். அவ்வளவுதான் தீட்சை.

ஆறு மாதம் பல்பு மாட்டினார், ஹாரன் மாட்டினார், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினார். ஏழாம் மாதம் குழந்தைவேலுவின் முட்டை வேன் வந்தது. இருபத்திரண்டு வருஷப் பழசு. வெள்ளிக்கிழமை காலை எஃப்.சி.க்குப் போக வேண்டும். தகுதிச் சான்று கிடைக்காவிட்டால் வண்டி ரோட்டில் ஏறக்கூடாது, கோழிப்பண்ணைக்காரர் வேறு வண்டி பார்த்துக்கொள்வார்.

"இது உங்க வண்டிண்ணா. ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் நீங்கதான். நான் கை வைக்க மாட்டேன்" என்றாள் சுகந்தி.

அங்கமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வேனை மட்டும் ஒழுங்காக அனுப்பிவிட்டால் தானும் ஒரு தொழிலாளி. இல்லையென்றால் மைத்துனருக்குப் போன் போட்டுவிடுவது என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அவர் முகத்தில் எதையும் ஒளித்து வைக்க முடியாது.

எஃப்.சி.க்குப் போகும் வண்டிக்குப் பெயின்ட் அடித்து அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். திங்கட்கிழமை முழுக்க அங்கமுத்து அதைத்தான் செய்தார். அடிச்சட்டத்துக்குக் கறுப்பு, பின்பக்கத்துக்கு நீலம். துரு பிடித்த ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றி, அடியிலும் ஒரு கை அடித்து, திரும்ப முடுக்கினார். மகளைக் கட்டிக்கொடுப்பவர்கூட அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்திருக்க மாட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை இண்டிகேட்டர் மக்கர் செய்தது.

இடது பக்கம் போட்டால் முன்விளக்கு ஒழுங்காகச் சிமிட்டியது. பின்விளக்கு மட்டும் அரைத் தூக்கத்தில் இருந்தது. கூடவே, சம்பந்தமே இல்லாமல் சிவப்பு பிரேக் விளக்குகள் மங்கலாகச் சிமிட்டின. பிரேக்கை மிதித்தால் பின் இண்டிகேட்டர் அடியோடு நின்றுபோனது. இப்படி ஒரு வண்டி பின்னால் வருபவனுக்கு என்ன சேதி சொல்லும்? வண்டி திரும்பப் போகிறதா, நிற்கப் போகிறதா என்று தெரியாமல் அவன் மேலே வந்து மோதுவான்.

அங்கமுத்து பல்பை மாற்றினார். விளக்கைச் சிமிட்ட வைக்கும் பிளாஷரை மாற்றினார். அதுவும் சரியில்லையோ என்று இன்னொரு பிளாஷர் வாங்கிவந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சுவிட்சைக் கழற்றித் துடைத்தார். புதன்கிழமை டேஷ்போர்டைப் பிரித்து, வயர் கட்டின் டேப்பை முழநீளத்துக்கு உரித்தார். உரிக்க உரிக்க வாயும் சும்மா இருக்கவில்லை.

"எவனோ பாட்டுப்பெட்டி மாட்டியிருக்கான் பாருங்க, கண்ட இடத்துல ஒட்டுப் போட்டு! இவனையெல்லாம் வயர்லயே கட்டி வெச்சு அடிக்கோணும்."

சுகந்தி பக்கத்து லாரிக்கு அடியில் படுத்திருந்தாள். "அப்படிங்களா" என்று மட்டும் சத்தம் வந்தது.

பாட்டுப்பெட்டிக்காரனுக்குப் பிறகு, முன்னால் வேலை பார்த்த எலக்ட்ரீசியன் திட்டு வாங்கினான். அப்புறம் பல்பு விற்ற கடைக்காரர். அப்புறம் குழந்தைவேலு, இப்படியொரு வண்டியை வைத்துக்கொண்டிருப்பதற்காக. இண்டிகேட்டர் தன்பாட்டுக்குச் சிணுங்கிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அங்கமுத்து, வயரில் கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லேம்ப்பைக் கீழே போட்டுவிட்டு வந்து குருவின் முன்னால் நின்றார்.

"அம்மணி, பின்னாடி விளக்கு வரைக்கும் கரண்ட் வருதுங்க. டெஸ்ட் லேம்ப் பளிச்சுன்னு எரியுது. ஆனா விளக்கு எரிய மாட்டேங்குது. எனக்கு ஒண்ணுமே புரியலீங்க."

"லேம்ப்போட கிளிப்பை எங்கே மாட்டுனீங்க?"

"பேட்டரி மைனஸ்லதானுங்க."

"வந்த கரண்ட்டு திரும்பிப் போகுதுங்களா?"

"பாடி வழியாப் போகுமுங்க. எல்லா வண்டியிலயும் அப்படித்தானே போகுது."

சுகந்தி ஒரு அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து அவர் கையில் கொடுத்தாள். காதில் செருகியிருந்த பென்சிலையும் கொடுத்தாள்.

"இந்த வண்டியில இதுவரைக்கும் யார் யார் கை வெச்சாங்களோ, அத்தனை பேரையும் எழுதுங்கண்ணா."

அங்கமுத்து உற்சாகமாக எழுதினார். இப்படியொரு வாய்ப்புக்காகத்தானே மூன்று நாளாகக் காத்திருந்தார்! ஏழு பேர் தேறினார்கள். வண்டியை முதலில் வாங்கி விற்றவர்வரை பட்டியல் போனது.

சுகந்தி வாங்கிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"இன்னும் ஒருத்தரு விட்டுப்போச்சு. சாப்பிட்டு வந்து எழுதுங்க."

அங்கமுத்து யோசித்துக்கொண்டே குழாயடிக்குப் போனார். சோப்பு போட்டுக் கை கழுவினார். கிரீஸ் போயிற்று. நகக்கண்ணில் இருந்த கறுப்பு மட்டும் போகவில்லை. இன்னொரு தடவை தேய்த்தார். போகவில்லை. கிரீஸாக இருந்தால் போயிருக்குமே என்று நகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

அது பெயின்ட்.

சோறு டிபனிலேயே இருந்தது. அங்கமுத்து வேனின் பின்பக்கம் ஓடினார். இடது விளக்குக்குப் பின்னால், கரண்ட் திரும்பிப் போகும் எர்த் வயரை அடிச்சட்டத்தோடு சேர்த்து முடுக்கியிருந்த சின்ன போல்ட் ஒன்று. டெஸ்ட் லேம்ப்பின் கிளிப்பை இந்த முறை அந்த போல்ட்டில் மாட்டி, முனையை விளக்குக்கு வரும் வயரில் வைத்தார். மூன்று நாளாகப் பளிச்சென்று எரிந்த லேம்ப் இப்போது மினுக்கென்று முனகியது. வந்த கரண்ட்டுக்குத் திரும்பிப் போக வழியில்லை. வழி தேடிப் பக்கத்து பிரேக் விளக்குக்குள் நுழைந்து ஊரைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது.

போல்ட்டைக் கழற்றினார். அடியில் கறுப்புப் பெயின்ட் கண்ணாடிபோல் பளபளத்தது. எவ்வளவு நேர்த்தியான வேலை! அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

உப்புத்தாளை எடுத்து, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்தார். வயரை வைத்து முடுக்கினார். உள்ளே ஏறி இடது பக்கம் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு இறங்கிப் பின்னால் ஓடினார். பின்விளக்கு தெளிவாக, ஒரே சீராகச் சிமிட்டியது. பிரேக் விளக்குகள் வாயை மூடிக்கொண்டன.

அப்போது பார்த்து குழந்தைவேலு வந்து சேர்ந்தார். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"அட! சரியாயிருச்சுங்களா? என்னதானுங்க ஆச்சு?"

சுகந்தி லாரிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினாள். "பழைய வண்டிதானுங்களே..." என்று தொடங்கினாள்.

"நான்தானுங்க" என்றார் அங்கமுத்து. "எர்த் போல்ட்டுக்கு அடியில பெயின்ட் அடிச்சுப்போட்டேன். வண்டி மேல ஒரு தப்பும் இல்லீங்க. மூணு நாளா உங்களையும் சேர்த்துத் திட்டிட்டு இருந்தேன்."

குழந்தைவேலு அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"அப்ப அடுத்த எஃப்.சி.க்கும் நீங்களே பாருங்க சாமி. எங்கெங்க அடிச்சு வெச்சிருக்கீங்கன்னு உங்களுக்குத்தானே தெரியும்."

அங்கமுத்து டேஷ்போர்டைத் திரும்ப மாட்டி முடிக்கும்வரை இருந்து, சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். வேன் ரோட்டில் ஏறும்போது இடது இண்டிகேட்டர் ஒழுங்காகச் சிமிட்டிக்கொண்டு போனது. அங்கமுத்து அது மறையும்வரை பார்த்தார். அத்தனை சந்தோஷமாக இருந்தது. அத்தனை வெட்கமாகவும் இருந்தது. வெட்கம்தான் ஜெயித்தது. டிபனைப் பைக்குள் வைத்துப் பையைத் தோளில் மாட்டினார்.

"அம்மணி, நான் நாளையில இருந்து மில்லுக்குப் போலாம்னு இருக்கேனுங்க."

சுகந்தி லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏனுங்கண்ணா?"

"உங்களுக்கு முதல் நாளே தெரிஞ்சிருச்சுதானுங்களே?"

"செவ்வாக்கிழமை காலையிலயே தெரியுமுங்க. புதுப் பெயின்ட்டும் இப்படிச் சிமிட்டறதும் சேர்ந்து வந்தா வேற என்ன இருக்கப் போகுது?"

"பாருங்க. அந்தக் கண்ணு எனக்கு இல்லீங்க அம்மணி. அதெல்லாம் பிறவியில வரோணும். நானே செஞ்சு வெச்சுட்டு, ஊரையே திட்டிக்கிட்டு நானே தேடியிருக்கேன். இந்தப் பொழப்பு எனக்கு ஆகாது."

சுகந்தி பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள். அவர் உட்காரவில்லை.

"பட்டறை போட்ட முதல் வருஷம் எனக்கு ஒரு காலேஜ் பஸ் வந்துச்சுங்கண்ணா. எஃப்.சி.க்குத்தான். ஆள் வெச்சா சரியா அடிக்க மாட்டாங்கன்னு நானே உக்காந்து பெயின்ட் அடிச்சேன். இதே இடது பக்கம். இதே போல்ட்டு."

அங்கமுத்துவின் தோளிலிருந்து பை மெல்ல இறங்கிப் பெஞ்சின் மேல் உட்கார்ந்தது.

"எத்தனை நாளுங்க தேடுனீங்க?"

"ஆறு நாள். அஞ்சு நாளும் எனக்கு முன்னாடி வேலை பாத்தவங்களைத் திட்டிக்கிட்டே தேடுனேன். ஆறாம் நாள் திட்டறதுக்கு ஆள் தீந்துபோச்சு. அப்பத்தானுங்கண்ணா அந்த போல்ட்டு கண்ணுல பட்டுச்சு."