மூன்றாம் அறையைக் காத்திருக்க வைத்தது யார்?

ஒரு ஜெனரேட்டர், மூன்று குளிர் அறைகள், விதியை மீறாத மூன்று பேர். அப்படியும் இறால் அழுகியது. கோணல் எங்கே என்று நீங்களே சொல்லுங்கள். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

தூத்துக்குடியில் மச்சாது அண்ணாச்சிக்கு ஒரு இறால் கிட்டங்கி, அதாவது சரக்கு வைக்கிற கிடங்கு. கரண்ட் போனால் ஜெனரேட்டர் தானாக ஓடத் தொடங்கும். ஆனால் அதன் திராணி இரண்டு அறைகளுக்குத்தான். எந்த அறை காத்திருக்க வேண்டும் என்று முடிவுசெய்வது ஒரு ஸ்கிரிப்ட். கம்ப்யூட்டர் வரிவரியாகப் படித்து நடத்துகிற கட்டளைக் கோப்பு. எழுதியவர் கோயம்புத்தூர் வெங்கடபதி. கிட்டங்கியின் மென்பொருள் முழுவதும் அவர் செய்து கொடுத்ததுதான். அப்போது மூன்றாம் அறை காலி. ஆகவே மூன்று காத்திருக்கட்டும் என்று எழுதினார். கோப்பின் தலையில் ஒரு குறிப்பும் வைத்தார்: "உங்கள் இடத்துக்கு ஏற்றபடி இதை மாற்றிக்கொள்ளவும்."

அந்தக் கம்ப்யூட்டரில் எது எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு முறை உண்டு. செய்து கொடுத்தவரின் சரக்கு 'யூஎஸ்ஆர்' என்ற ஃபோல்டரில் இருக்கும். அந்த இடத்துக்காரர் செய்துகொண்ட ஏற்பாடுகள் 'எட்சி' என்ற ஃபோல்டரில் இருக்கும். அப்டேட் வரும்போது, எட்சியில் யாராவது கை வைத்திருந்தால் கம்ப்யூட்டர் நின்று கேட்கும்: உங்களுடையது இருக்கட்டுமா, புதியதைப் போடட்டுமா? யூஎஸ்ஆரில் கேள்வியே கிடையாது. பழையதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். வெங்கடபதி ஸ்கிரிப்டை வைத்தது யூஎஸ்ஆரில்.

பின்னாளில் மூன்றாம் அறைக்கு ஏற்றுமதி இறால் வந்தது. முதல் அறையில் வெறும் ஐஸ் கட்டி. மெஷின் ரூம் பார்க்கும் இசக்கித்துரை முறை தெரிந்தவர். ஸ்கிரிப்டை எட்சியில் ஒரு பிரதி எடுத்து, இனி முதல் அறை காத்திருக்கட்டும் என்று அங்கே மாற்றினார். மெயின் சுவிட்சை இறக்கிச் சோதித்தார். கம்ப்யூட்டர் அந்தப் பிரதியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யூஎஸ்ஆரில் இருப்பதை மட்டுமே படிக்கும்படி அது செய்யப்பட்டிருந்தது. பிரதியை அழித்துவிட்டு, யூஎஸ்ஆரில் இருந்த மூலக் கோப்பிலேயே மாற்றினார். மறுபடி சோதித்தார். ஐஸ் காத்திருந்தது, இறால் குளிர்ந்தது.

சில மாதம் கழித்து அப்டேட் போட பெர்னதத்து வந்தார். கம்ப்யூட்டர் பராமரிப்பு அவர் பொறுப்பு. கேட்டுவிட்டுத்தான் எதையும் தொடுவார்.

"துரை அண்ணே, எட்சில எதையும் நோண்டி வச்சிருக்கீங்களா?"

"எட்சியிலயா? ஒண்ணும் கிடையாது, அம்மாடி."

"அப்புறம் நான் அழிச்சுட்டேன்னு கெடந்து குதிக்கக் கூடாது."

"கேட்டே, சொல்லிட்டேன். வேலையப் பாரு, தாயி."

அவர் கேட்டதும் முறைதான், இவர் சொன்னதும் உண்மைதான். அப்டேட் எதையும் கேட்காமல் ஓடி முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரான்ஸ்ஃபார்மர் கருகியது. கரண்ட் வர மறுநாள் ஆயிற்று. அதுவரை ஜெனரேட்டர் உறுமிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் கேட்டால் காவலாளிக்கு எல்லாம் நலம் என்று அர்த்தம். ஆகவே ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஐஸ் கட்டிகள் சேதமில்லாமல் இருந்தன. மூன்றாம் அறையை மூக்கைப் பொத்திக்கொண்டுதான் திறக்க முடிந்தது.

அண்ணாச்சி மூவரையும் முன்னால் நிறுத்தினார். "இதுக்குக் காரணமானவுக இனி இந்தக் கேட்டைத் தாண்டி உள்ள வரப்பிடாது. யாருன்னு நீங்களே சொல்லுங்க."

"ஏனுங்க, ஸ்கிரிப்டுங்கறது ஓடற சமாச்சாரம்," என்றார் வெங்கடபதி. "ஓடறதெல்லாம் யூஎஸ்ஆர்லதான் இருக்கோணும். எட்சி செட்டிங்ஸ் வைக்கற இடமுங்க. முறைப்படி வெச்சேன். கை வெச்சவரு ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணும்."

இசக்கித்துரைக்குப் பொறுக்கவில்லை. "மாத்திக்கோன்னு எழுதி வச்சது நீருதானவே? மாத்துனேன். எட்சியில வச்சா உம்ம மெஷினு சீந்தல. பின்ன எங்க வைக்க, என் மடியிலயா?"

"யூஎஸ்ஆர்ல கை வச்சீங்களான்னு உலகத்துல ஒருத்தரும் கேக்க மாட்டாங்க, அண்ணாச்சி," என்றார் பெர்னதத்து. "அங்க யாரும் கை வைக்கிறதே கிடையாது. கேக்க வேண்டியதைக் கேட்டுட்டுத்தான் போட்டேன்."

அண்ணாச்சி மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆக, எல்லாரும் யோக்கியம். இறால்தான் களவாணி, என்ன?"

ஒருவர் முறைப்படி வைத்தார். ஒருவர் குறிப்பில் கண்டபடி மாற்றினார். ஒருவர் கேட்டுவிட்டுப் புதுப்பித்தார். இவர்களில் கேட்டைத் தாண்டக் கூடாதவர் யார்?

விடை: வெங்கடபதி. கோப்பு ஓடுமா ஓடாதா என்று பார்த்து இடம் கொடுத்தார். யார் கை அதில் படும் என்று பார்த்திருக்க வேண்டும். பிறர் மாற்றலாம் என்று எழுதியபோதே அது கிட்டங்கிக்காரரின் ஏற்பாடாகிவிட்டது. அதன் இடம் எட்சி. எட்சியில் ஒன்று கிடந்தால் அதையே எடுத்துக்கொள் என்று கம்ப்யூட்டருக்கு ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். மற்ற இருவர் மீதும் குறை உண்டு. கம்ப்யூட்டரே கேட்கக்கூடிய கேள்வியைத்தான் பெர்னதத்து கேட்டார். அது கேட்காமல் அழிக்கிற இடத்தைப் பற்றி அல்லவா கேட்டிருக்க வேண்டும்? இசக்கித்துரையும் கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனாலும் குழியை வெட்டி, அதன் மேல் 'இங்கே நடக்கவும்' என்று பலகை நட்டவர் வெங்கடபதிதான். இது அண்ணாச்சிக்கும் புரியாமல் இல்லை. அவரை விரட்டினால் அந்த ஸ்கிரிப்டைத் திருத்த வேறு ஆள் ஏது? மறுநாள் வெங்கடபதி ஏசி அறையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே திருத்திக்கொண்டிருந்தார். டிபன் தூக்கோடு கேட்டுக்கு வெளியே நின்றவர் இசக்கித்துரை.